முட்களை எண்ணும் நாட்கள்

பிப்ரவரி 3

இன்றும் எண்ணிக்கைதான், அல்சைமர் என்ற மறதிநோய் ஆய்வுக்காக. கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் எடுத்த டென்ட்ரைட் (நரம்புச் செல்லான நியூரானின் கிளை) படங்கள்; கிளை நெடுகத் துருத்தி நிற்கும் குட்டி குட்டி முட்கள். முதிர்ந்த முள்ளுக்குக் காளான் மாதிரித் தலை பெருத்து, கழுத்து ஒடுங்கியிருக்கும். பக்கத்து நியூரானோடு சேரும் இடமான சினாப்ஸ் இருப்பது அந்தத் தலையில். எந்தப் படம், நியூரான் வளர்க்கும் எந்தத் தட்டினுடையது என்று எனக்குத் தெரியாது. கோப்புப் பெயர்களை வேறொருவர் மாற்றி வைத்திருக்கிறார். தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும்.

பிப்ரவரி 5

பெயர்களைத் திறந்தோம். பீட்டா அமைலாய்டு ஒலிகோமர் (அல்சைமரில் சேரும் புரதத்தின் சிறு திரள்) சேர்த்த தட்டுகளில் முட்கள் குறைந்திருந்தன. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் மனசு கனத்துப்போனது. நியூரான் உயிரோடுதான் இருக்கிறது, பக்கத்து நியூரானோடு பேச்சு நின்றுவிட்டது. அல்சைமரில் நினைவு மங்குவதோடு நெருங்கிப் பொருந்துவது அந்தப் புரதம் மூளையில் படிந்த பிளேக்குகள் அல்ல, சினாப்ஸ் இழப்புதான் என்று ராபர்ட் டெர்ரி குழுவினர் 1991-லேயே காட்டிவிட்டார்கள்.

பிப்ரவரி 9

ராத்திரி உட்கார்ந்து, ஒலிகோமர் முள்ளை எப்படிச் சுருக்குகிறது என்ற சமிக்ஞைப் பாதையை வரைந்தேன். ஒலிகோமர் ஒட்டும் இடங்களில் ஒன்று நியூரானின் மேற்பரப்பில் இருக்கும் பிரியான் புரதம். 2009-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டது. அங்கிருந்து எம்குளூஆர்5 என்ற ஏற்பி வழியாக ஃபின் கைனேஸ் என்ற நொதி, பிறகு கால்சியத்தை உள்ளே விடும் என்எம்டிஏ ஏற்பி. கால்சியம் நிலை குலைகிறது, கால்சினியூரின் என்ற நொதி விழிக்கிறது. சமிக்ஞையை வாங்கும் ஏஎம்பிஏ ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. கோஃபிலின் என்ற புரதம், முள்ளைத் தாங்கும் ஆக்டின் இழைகளை வெட்டுகிறது. முள் சுருங்கிவிடுகிறது.

வரைந்து முடித்ததும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாத தொடர்பைத் தளர்த்த ஆரோக்கியமான மூளை தினமும் கையாளும் வழியும் ஏறக்குறைய இதுதான். நோய் கொண்டுவந்த புது ஆயுதம் எதுவும் இதில் இல்லை.

பிப்ரவரி 14

கால்சினியூரினைத் தடுக்கும் எஃப்கே506 என்ற மருந்து சேர்த்த தட்டுகள். ஒலிகோமர் இருந்தும் முட்கள் நின்றன! புது மாணவி கேட்டாள்: "அப்ப நோயாளிகளுக்கே இதைக் குடுக்கலாமே அக்கா?" உறுப்பு மாற்று சிகிச்சையில் நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மருந்து அது என்றேன். மூளைக்கும் கால்சினியூரின் வேண்டும், கற்பதற்கும் மறப்பதற்கும். அவள் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 20

வளரும் மூளையில் உபரி சினாப்ஸ்களைக் களைய சி1க்யூ, சி3 என்ற காம்ப்ளிமென்ட் (நோயெதிர்ப்பு) புரதங்கள் உதவுகின்றன. அவை ஒட்டிய அடையாளத்தைப் பார்த்து, மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா அந்த சினாப்ஸ்களை விழுங்கும். பெத் ஸ்டீவன்ஸ் குழுவின் 2016 ஆய்வில், அல்சைமர் ஆய்வுக்கென்று உருவாக்கிய எலிகளில் பிளேக் படியும் முன்பே அந்த விழுங்கும் வேலை மறுபடி தொடங்கியிருந்தது. சி1க்யூவைத் தடுத்ததும் இழப்பு குறைந்தது.

எங்கள் தட்டில் மைக்ரோகிளியாவே கிடையாது. பாதிக் கதையைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். திங்கட்கிழமை நியூரானையும் மைக்ரோகிளியாவையும் ஒரே தட்டில் சேர்த்து வளர்க்கப் போகிறோம்.