விருந்துக்கு அழைத்தவரின் கேள்வி

“நான் கூடவே இருப்பேன் அல்லவா?” என்று, ஒரு குடும்பத்தை மெக்சிகோவில் இருக்கும் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்த சக ஊழியர் கேட்டார். “அதை எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை” என்று நான் சொன்னேன். ஊழியர்களின் பயணப் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவளுக்கு அதைவிட நேர்மையான பதில் கிடையாது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த உரையாடலை அவ்வளவோடு விட்டுவிட என்னால் முடியவில்லை.

2024 தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய வாரம் அது. எங்கள் சான் டியேகோ அலுவலகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு சான் இசிட்ரோ சாவடி வழியாக மெக்சிகோ எல்லையைக் கடந்து, எல்லை நகரான டிஹுவானாவில் ஒரு பொழுதும் அதற்குத் தெற்கே கடற்கரை ஊரான என்செனாடாவில் ஓர் இரவும் தங்கி, லா புஃபடோராவில் பாறை இடுக்கு வழியே கடல்நீர் பீறிட்டு எழுவதைக் காட்டிவிட்டுத் திரும்பலாம் என்று திட்டமிட்டிருந்தார். சனிக்கிழமை மதியச் சாப்பாடு அதே பிரிவில் இருக்கும் மெக்சிகோ நண்பர் வீட்டில். அந்த நண்பர் அமெரிக்கக் குடிமகன். சான் டியேகோ வாடகை கட்டுப்படியாகாமல் டிஹுவானாவில் குடியிருந்துகொண்டு, விடியுமுன் எழுந்து எல்லை வரிசையில் காத்திருந்து வேலைக்கு வந்துபோகும் பல்லாயிரம் பேரில் ஒருவர். தம்பியின் அம்மா சுத்த சைவம் என்று கேள்விப்பட்டதும், பன்றிக் கொழுப்புச் சேர்க்காமல் எண்ணெயில் பீன்ஸ் மசியல் செய்வது, பாலாடைக் கட்டி வைத்த மிளகாய் பொரிப்பது என்று அவரும் அவர் மனைவியும் பேசி முடிவுசெய்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. தம்பி எனக்கு அனுப்பிய செய்தியில் இருந்தது இவ்வளவுதான்: “அக்கா, அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போலாமா? நீங்க சரின்னு சொன்னா போறோம், இல்லேன்னா வேண்டாம்.”

ஊழியர்கள் தம் விடுமுறைக்கு எங்கே போகிறார்கள் என்பது என் பொறுப்பில் வராது. ஆனால் “நீங்கள் சரியென்றால் போகிறோம்” என்று ஒருவர் முடிவை நம் கையில் கொடுத்துவிட்ட பிறகு, அது என் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்க வெளியுறவுத் துறை மெக்சிகோவை மாநிலம் மாநிலமாகப் பிரித்து நான்கு நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. டிஹுவானாவும் என்செனாடாவும் இருக்கும் பாஹா கலிபோர்னியா அப்போது மூன்றாம் நிலையில், அதாவது ‘பயணத்தை மறுபரிசீலனை செய்க’ என்ற நிலையில் இருந்தது. அந்த எச்சரிக்கையைக் கூர்ந்து படித்தால், கொலைகள் அதிகம் நடப்பது சுற்றுலாப் பயணிகள் போகாத பகுதிகளில் என்றும், பெரும்பாலானவை குறிவைத்துச் செய்யப்பட்டவை என்றும், ஆனால் குழுக்களின் மோதலில் வழியில் நிற்பவர்களும் சாகக்கூடும் என்றும் மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. போக நினைப்பவர் முதல் இரண்டையும் பிடித்துக்கொள்வார், தடுக்க நினைப்பவர் மூன்றாவதைப் பிடித்துக்கொள்வார். ஏறக்குறைய 19 லட்சம் மக்கள் வாழும் டிஹுவானா நகரத்தில் 2018ஆம் ஆண்டு மட்டும் சுமார் 2,500 கொலைகள் நடந்தன. அந்தக் கொலைகளில் பெரும்பங்கு போதைப்பொருள் வியாபாரத்தின் கீழ்த்தட்டில், நகரின் கிழக்கு ஓரத்துக் குடியிருப்புகளில் நடப்பவை. பகலில் சுற்றுலாக் கடைத்தெருவான அவெனிதா ரெவொலூசியோனில் நடந்துபோகும் பயணிக்கு அந்த எண்ணிக்கையிலிருந்து தன் ஆபத்தைக் கணக்கிட முடியாது. அதே நேரத்தில் 2,500 என்ற எண்ணை ஒரு தாய் தகப்பன் பயணத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

எனக்கு உள்ளூர அச்சம் தந்தவை தனித்தனி நிகழ்வுகள். 2023 மார்ச் 3 அன்று, மெக்சிகோவின் வடகிழக்கு எல்லையில் இருக்கும் மாட்டமோரோஸில், அழகு அறுவைச் சிகிச்சைக்காகத் தென் கரோலைனாவிலிருந்து வந்த நான்கு அமெரிக்கர்கள் பட்டப்பகலில் கடத்தப்பட்டார்கள். இருவர் செத்தார்கள், சாலையில் நின்ற மெக்சிகோப் பெண் ஒருவரும் குண்டு பட்டு இறந்தார். அந்த ஊர் இருக்கும் தமௌலிபாஸ் மாநிலம்தான் ‘பயணம் செய்யாதீர்கள்’ என்ற நான்காம் நிலை, பாஹா கலிபோர்னியா அல்ல என்று அப்போது நானே பலருக்கு விளக்கினேன். ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரல் இறுதியில், என்செனாடாவுக்குத் தெற்கே அலைச்சறுக்கு விளையாடப் போன ஆஸ்திரேலியச் சகோதரர்கள் இருவரும் அவர்களுடைய அமெரிக்க நண்பரும் சுட்டுக் கொல்லப்பட்டு, கிணறு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டார்கள். அவர்கள் வந்த வண்டியைப் பறிக்கத்தான், அதிலும் முக்கியமாக அதன் டயர்களுக்காகத்தான் இது நடந்தது என்று அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள். ஒரு வண்டியின் டயருக்காக மூன்று பிள்ளைகள் என்பதைப் படித்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் கூடாரம் போட்டவர்களின் நிலையும் விடுதியில் தங்கப் போகும் குடும்பத்தின் நிலையும் வேறு வேறு என்று அமைதியாகப் பிரித்துப் பார்க்க எனக்குச் சிறிது காலம் பிடித்தது.

உண்மையில் என்னைத் தயங்க வைத்தது துப்பாக்கி அல்ல, கடவுச்சீட்டு. அமெரிக்க விசா கையில் இருக்கும் இந்தியருக்கு மெக்சிகோ செல்லத் தனி விசா தேவையில்லை என்பதால் நம்மவர்கள் இந்தப் பயணத்தை மிக எளிதாக நினைத்துவிடுகிறார்கள். காரை உடைத்துப் பையை எடுத்துப் போவது போன்ற சாதாரணத் திருட்டு அமெரிக்கக் குடிமகனுக்கு ஒரு நாள் அலைச்சலோடு முடியும். டிஹுவானாவிலேயே அவர்களுக்குத் துணைத் தூதரகம் உண்டு. எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் தம்பிக்கு அதே திருட்டு நடந்தால், புதிய கடவுச்சீட்டுக்கு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் மெக்சிகோ சிட்டியில் இருக்கும் இந்தியத் தூதரகத்தை நாட வேண்டும். அது கிடைத்த பிறகு விசாவுக்கு மறுபடியும் விண்ணப்பித்து நேர்காணல் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை வேலைக்கு வர முடியாது. கூடவே சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் அப்பா, ஆங்கிலமோ ஸ்பானிஷ் மொழியோ பேசாத அம்மா. பெற்றோருக்கு எடுக்கும் வருகையாளர் காப்பீடுகள் பலவும் எல்லைக்கு அந்தப் பக்கம் மிகக் குறைவாகவே கைகொடுக்கும். அமெரிக்கக் கார் காப்பீடும் அங்கே பொதுவாகச் செல்லாது. மெக்சிகோ காப்பீடு இல்லாமல் விபத்தில் சிக்கினால், யார் பொறுப்பு என்று முடிவாகும்வரை காவலில் வைத்துவிடக்கூடும்.

இதையெல்லாம் விவரமாக எழுதி, கடைசி வரியாக, “இந்த முறை பெற்றோருடன் செல்வதைத் தவிர்ப்பது நல்லது” என்று அனுப்பினேன். தம்பி நன்றி சொல்லிவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கமே இருக்கும் சாந்தா பார்பராவில் விடுதி எடுத்தார்.

மறுநாள் மெக்சிகோ நண்பர் என் மேசைக்கு வந்தார். கோபமாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “வாரத்தில் ஐந்து நாள் நம் பொறியாளர்களை வேனில் ஏற்றி எங்கள் ஊருக்கு அனுப்புகிறீர்கள். என் வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட வருவது மட்டும் எப்படி ஆபத்தாகிறது?” என்று கேட்டார். எங்கள் தொழிற்சாலை டிஹுவானாவில் இருக்கிறது. மருத்துவக் கருவி செய்யும் நிறுவனங்கள் பலவற்றுக்கும் அங்கேதான் ஆலை. வேனுக்குத் தெரிந்த ஓட்டுநர், மாறாத வழித்தடம், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்ற விதி, ஏதாவது நடந்தால் தகவல் சொல்ல ஏற்பாடு எல்லாம் இருக்கின்றன என்று விளக்கினேன். அப்போதுதான் அவர், “நான் கூடவே இருப்பேன் அல்லவா?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஓட்டுநரை நம்பும் நான் அவரை ஏன் நம்பவில்லை? எந்தச் சாலை எந்த நேரத்தில் எப்படி இருக்கும், எந்தக் குடியிருப்பு வழியாகப் போகக்கூடாது, காவலர் நிறுத்தினால் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வழித்தட வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வேனுக்கு நாங்கள் செலவு செய்து ஆபத்தைக் குறைத்ததற்குக் காரணம் அந்த ஆலை எங்களுக்குத் தேவைப்படுகிறது என்பதுதான். ஒரு குடும்பத்தின் விருந்துக்காக அந்த உழைப்பை யாரும் செலவிடவில்லை, நானும் செலவிடவில்லை. அவரை எல்லையிலேயே வந்து அழைத்துப் போகச் சொல்லியிருக்கலாம், என்செனாடாவை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டோடு திரும்பச் சொல்லியிருக்கலாம். கேள்வி முழுப் பயணத்தைப் பற்றி வந்தது, பதிலும் முழுப் பயணத்துக்கே போனது.

மறுபக்கமும் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 12 அன்று டிஹுவானாவிலும் பாஹாவின் வேறு ஊர்களிலும் பேருந்துகளையும் கார்களையும் மறித்துத் தீ வைத்தார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் ஊழியர்களை இருந்த இடத்திலேயே பாதுகாப்பாக இருக்கச் சொன்னது. அன்று மாலை ஆலையில் இருந்தவர்களை எப்போது இந்தப் பக்கம் கொண்டுவரலாம் என்று நாங்கள் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தோம். இந்த நண்பர் அப்போது சான் டியேகோவில்தான் இருந்தார். இங்கேயே தங்கிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், காரை எடுத்துக்கொண்டு தெற்கே போனார், ஏனென்றால் மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவருக்கே கட்டுப்படாத நாள் ஒன்று அந்த ஊரில் வரும் என்பதற்கு அதை ஆதாரமாக வைத்து என் பதிலை நான் நியாயப்படுத்திக்கொண்டதுண்டு. ஆனால் அதே நிகழ்ச்சியை நினைக்கும்போது, அப்படிப்பட்ட நாளில் நம்மோடு இருக்க வேண்டிய மனிதர் அவரைப் போன்றவர்தானே என்றும் தோன்றுகிறது. ஒரே நிகழ்ச்சி இரண்டு முடிவுக்கும் சாட்சி சொல்கிறது.

அறிவுரை சொல்பவருக்கு ஒரு வசதி உண்டு. போக வேண்டாம் என்று சொன்னால் அது தவறென்று நிரூபிக்க யாராலும் முடியாது. போகலாம் என்று சொல்லி ஏதாவது நடந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அது என் பெயரில் இருக்கும். அன்று என் விரலை நகர்த்தியது கடவுச்சீட்டுச் சிக்கலா, இந்தப் பயமா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். கடவுச்சீட்டுதான் என்று பெரும்பாலான நாட்களில் நம்புகிறேன். அடுத்த வசந்தத்தில் அமெரிக்கக் குடிமகனான இன்னொரு ஊழியர் என்செனாடா பற்றிக் கேட்டபோது, கட்டணச் சாலையில் போங்கள், பகலில் ஓட்டுங்கள், மெக்சிகோ காப்பீடு எடுங்கள் என்று சொல்லிப் போகச் சொன்னேன். ஊரும் அதேதான், எச்சரிக்கை நிலையும் அதேதான். இதை மெக்சிகோ நண்பரிடம் நானாகவே போய்ச் சொல்லி, தம்பிக்கு வேறு பதில் ஏன் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “காகிதத்தைப் பற்றிய கவலை என்றால் காகிதம் என்று எழுதியிருக்கலாம். அந்தப் பையன் என் மனைவியிடம் ஊர் ஆபத்தானது என்றல்லவா சொன்னான்?” என்றார்.

நான் எழுதியதில் காகிதமும் இருந்தது, ஊரும் இருந்தது. தம்பி மனதில் தங்கியது ஊர் மட்டும். தம்பியின் பெற்றோர் அடுத்த ஆண்டு மறுபடி வருகிறார்கள். இந்த முறை அவர் கேட்டால், பதில் எழுதும் முன் அந்த நண்பரையும் கூப்பிட்டு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது என்று வைத்திருக்கிறேன். அப்படிப் பேசிய பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்வேனோ என்னவோ. சொல்வதாக இருந்தால் அதை அந்த நண்பரின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருக்கும்.