கொண்டு விடும் ஓட்டமும் சாவி மாட்டும் ஆணியும்

வண்டிச் செலவு என்றதும் மதுரையில் பேச்சு மைலேஜில் போய்த்தான் நிற்கும். எந்த பங்கில் போட்டால் ரெண்டு கிலோமீட்டர் கூடக் கொடுக்கிறது, எந்த ஆயில் நல்லது என்று டீக்கடையில் அரை மணி நேரம் ஓடும். அதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மிச்சம் நூற்றுக்கு ஐந்தோ பத்தோதான். ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஓட்டத்தை நிறுத்தினால் அதற்கான பணம் முழுசாகக் கையில் நிற்கும். அது எந்த ஓட்டம் என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டும். பெட்ரோலை மட்டும் பார்த்தால் தப்பு, இன்சூரன்ஸ் வரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் தப்பு. ஓடினால் ஆகிற செலவு ஒன்று, சும்மா நின்றாலும் ஆகிற செலவு இன்னொன்று. ஓட்டத்தைக் குறைத்தால் முதலாவது மட்டும்தான் குறையும்.

கணக்குக்கு பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். 100 முதல் 125 சிசி பைக் ஊருக்குள் 45 கொடுத்தால் பெட்ரோலுக்கு 2 ரூபாய் 20 காசு. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற, கூலியோடு 600 ரூபாய் என்றால் 20 காசு. ரெண்டு டயர் 4,000 ரூபாய், 25,000 கிலோமீட்டர் வரும் என்றால் 16 காசு. செயின் கிட், பிரேக் ஷூ, கேபிள், பிளக் எல்லாம் சேர்த்து 25 காசு. ஆகக் கூடி 2 ரூபாய் 81 காசு. 3 ரூபாய் என்றே வைக்கலாம். சின்ன பெட்ரோல் கார் ஏசியோடு ஊருக்குள் 12 கொடுத்தால் பெட்ரோலே 8 ரூபாய் 33 காசு. நாலு டயர் 18,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் என்றால் 45 காசு. சர்வீஸ் 10,000 கிலோமீட்டருக்கு 7,000 ரூபாய் என்றால் 70 காசு. பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷனுக்கு 50 காசு. கிட்டத்தட்ட 10 ரூபாய்.

மாதம் 200 கிலோமீட்டர் குறைத்தால் பைக்கில் 600 ரூபாய், காரில் 2,000 ரூபாய். வீட்டில் ரெண்டும் இருந்தால் முதலில் கை வைக்க வேண்டியது கார் மேல். ஒரே ஒரு பைக்தான் இருக்கிறது, அதுவும் வேலைக்குப் போய் வர மட்டும்தான் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பெரிய மிச்சம் எதுவும் வராது.

அடுத்தது ரெண்டு வாரக் கணக்கு. சாவி மாட்டும் ஆணியிலேயே ஒரு தாளையும் நூலில் கட்டிய பேனாவையும் தொங்கவிடுங்கள். திரும்பி வந்து சாவியை மாட்டும்போது தேதி, மீட்டர், எங்கே, யாருக்காக என்று நாலே வார்த்தை. போனில் எழுதலாம் என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும். தாளிலும் தெருமுனைக் கடை ஓட்டத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அதுதான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மீட்டர் வித்தியாசத்திலிருந்து எழுதின கிலோமீட்டரைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது எழுதாமல் விட்ட ஓட்டம்.

பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாளில் தலைதூக்கி நிற்பது வேலைக்குப் போகும் ஓட்டமாக இருக்காது. கொண்டு விட்டுக் கூட்டி வரும் ஓட்டமாக இருக்கும். வீட்டம்மாவுக்கு வேலை 6 கிலோமீட்டர் தூரத்தில். காலையில் கொண்டு விட 6, வெறும் வண்டியாகத் திரும்ப 6, சாயங்காலம் மறுபடி அதே. ஒருவர் 12 கிலோமீட்டர் பயணம் செய்ய வண்டி 24 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் 25 நாளுக்கு 600 கிலோமீட்டர். பைக்கில் 1,800 ரூபாய், காரில் 6,000 ரூபாய். பாதி ஓட்டத்தில் பின்சீட்டு காலி. பள்ளிக்கூடம், டியூஷன், பாட்டு கிளாஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

இதற்கு மருந்து வாசலிலேயே நிற்கிறது. சாதாரணக் கட்டண டவுன்பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த பஸ், வெள்ளை போர்டு பஸ் இவற்றைப் பார்த்து ஏற வேண்டும். எக்ஸ்பிரஸ், சொகுசு வகைகளுக்குக் காசு உண்டு. கட்டணம் இல்லை என்றாலும் சீட்டு கொடுப்பார்கள், அதை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது.

எல்லாரும் சொல்லும் தடை: “எங்க ஏரியாவுக்கு பஸ் சரியா கிடையாதுங்க.” பல நேரம் நிஜம்தான். ஆனால் வீட்டிலிருந்து மெயின் ரோடு ஸ்டாப் ஒன்று ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். பெரியார் நிலையத்திலிருந்து கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி, பழங்காநத்தம் வழியாகத் திருப்பரங்குன்றம், திருநகர் போன்ற தடங்களில் பஸ் அடுத்தடுத்து வரும். முழுத் தூரமும் கொண்டு விடுவதற்குப் பதில் அந்த ஸ்டாப் வரை மட்டும் விட்டால் 24 கிலோமீட்டர் 5 ஆகிவிடும். எந்த ஸ்டாப் தோது என்று பார்க்க அட்டவணை தேட வேண்டாம். நீங்கள் போகிற அதே நேரத்தில் அங்கே ஒரு டீ வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்று, உங்கள் பக்கம் போகும் பஸ்ஸை எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் வந்தால் நம்பலாம். ஒன்றுதான் வந்தது என்றால் அந்த ஸ்டாப்பை விட்டுவிடுங்கள். ரெண்டு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு ஆட்டோ பிடித்தால் மாத மிச்சத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.

வண்டியை பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நிறுத்தும் இடத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் வாடகையையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு 15 ரூபாய் என்றாலும் 25 நாளுக்கு 375 ரூபாய். பைக்கில் 125 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். வழியிலேயே வேலை இருக்கிற இருவர் ஒரே பைக்கில் போனால் அதைவிட மலிவு எதுவும் இல்லை, ஆண்கள் டிக்கெட் எடுக்கும் பஸ்ஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது விரயம், காரில் போகும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டம். இன்ஜின் சூடேறும் வரை பெட்ரோல் கூடக் குடிக்கும் என்பது எல்லா ஊருக்கும் பொது. நம்மூரில் அதற்கு மேல் ஒன்று உண்டு: வெயிலில் நின்ற கார். உள்ளே அடுப்பு மாதிரி காய்ந்திருக்கும். முதல் ஐந்து நிமிடம் ஏசி முழு வேகத்தில் ஓடும், குளிர்வதற்குள் கடை வந்துவிடும். அப்படி ஒரு ஓட்டத்தில் கார் கொடுக்கும் மைலேஜ் அதன் வழக்கமான கணக்குக்கு ரொம்பக் கீழே. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டுக்கு எடுத்த கரண்டும் திரும்ப ஏறியிருக்காது. ரெண்டு கிலோமீட்டருக்குள் காரை எடுப்பதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டால் போதும். வயதானவர்கள், கைக்குழந்தை, மழை, ராத்திரி ஆஸ்பத்திரி இவற்றுக்கு மட்டும் விலக்கு.

மீதி வேலைகளைச் சேர்த்து ஒரே சுற்றில் முடிக்க வேண்டும். டவுனுக்குள் இது சுலபம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இருப்பதால், வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் கீழமாசி வீதியில் பலசரக்கு, விளக்குத்தூண் பக்கம் துணி, தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலை எல்லாம் நடந்தே முடியும். சித்திரை வீதிகளில் வண்டி விட மாட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் வண்டியை நகர்த்தினால் ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றியே ரெண்டு மூன்று கிலோமீட்டர் ஏறிவிடும். வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு: ஆபீஸ் வேலை முதலில், கனமான சாமான் அடுத்து, கறி, மீன், பால் கடைசியில். இதை மாற்றிச் செய்து, வெயிலில் கறி கெட்டுவிடும் என்று நடுவில் வீட்டுக்கு ஒரு நடை வந்து போனால் சுற்றே வீண்.

காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணாநகரில்தான் திறந்தது. சொக்கிகுளம், பழங்காநத்தம், ஆனையூரிலும் இருக்கிறது. வாரம் ரெண்டு தடவை காலையில் போனால் தினமும் காய்க்கு வண்டி எடுக்க வேண்டியதில்லை. கீரையை முதல் ரெண்டு நாளில் முடித்துவிட்டு, பூசணி, கருணை, சேனை, வாழைக்காய் போன்றவற்றைப் பின்னால் வைத்துச் சமைக்க வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று அள்ளி வந்து அழுகவிட்டால் பெட்ரோல் மிச்சம் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

திருமங்கலம், சோழவந்தான், மானாமதுரை, உசிலம்பட்டிப் பக்கமிருந்து தினமும் வருகிறவர்கள் ரயில் சீசன் டிக்கெட்டைப் பாருங்கள். மூன்று மாதச் சீட்டு மாதச் சீட்டின் 2.7 மடங்குதான். உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்த வண்டி இருக்கிறதா, சாயங்காலம் திரும்ப என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு எடுங்கள். முன்பதிவுப் பெட்டியில் அந்தச் சீட்டோடு ஏறினால் அபராதம்.

ரெண்டு கிலோமீட்டர் முதல் ஐந்து வரைக்கும் சைக்கிள்தான் ராஜா. புது சைக்கிள் வேண்டாம், வீட்டில் மூலையில் கிடப்பதே போதும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் டயர், டியூப் மாற்றுங்கள். சீட் உயரம் முக்கியம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி வலிக்கும், ஒரே வாரத்தில் சைக்கிள் மறுபடி மூலைக்குப் போய்விடும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். துணியால் துடைத்து, மெல்லிய மெஷின் ஆயில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். காற்று வாரம் ஒருமுறை. கேரியர், பெல், பின்னால் சிவப்பு லைட், நல்ல பூட்டு இருந்தால்தான் அது வேலைக்கு ஆகும் சைக்கிள்.

கண்மாய்க் கரை, ஊருக்கு வெளியே உள்ள ஓரப் பாதைகளில் சீமைக் கருவேல முள் காத்திருக்கும். தார் ரோட்டின் ஓரத்து மண்ணில் இறங்காமல் ஓட்டினாலே பஞ்சர் பாதி குறையும். பஞ்சர் ஒட்டும்போது டயருக்குள் விரலை ஓட்டி முள் நுனி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உடைந்த நுனி உள்ளேயே இருந்தால் அடுத்த நாள் அதே இடத்தில் காற்று இறங்கும். சித்திரை, வைகாசியில் 9 மணிக்கு முன்னும் 5 மணிக்குப் பின்னும் மட்டும். ஆடி மாதம் மேற்கே நாகமலைப் பக்கம் போகிறவர்களுக்கு எதிர்க்காற்று ஆளை நிறுத்திவிடும், அந்த மாதம் போகும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம் குறைந்தால் நிற்கிற வண்டி கேட்கும் கவனிப்பு தனி. வாரம் ஒருமுறையாவது 20, 30 நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விடுவது பேட்டரிக்குப் போதாது. ஒரு மாதம் எடுக்க மாட்டோம் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம். காரில் ஹேண்ட்பிரேக் இழுத்தபடி விட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். பானெட்டை அடிக்கடி திறந்து பாருங்கள், எலி வயரைக் கடித்தால் ஒரு வருட மிச்சமும் போச்சு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் அது ஈரத்தை இழுக்கும். பழைய கார்புரேட்டர் பைக்கை நாள்கணக்கில் நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்.

கார் வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால், புதுப்பிக்கும்போது ஓட்டத்துக்கு ஏற்ற இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ அதற்கு அனுமதி கொடுத்தது. குறைவது சொந்த வண்டிச் சேதப் பகுதி மட்டும், மூன்றாம் நபர் பகுதி அப்படியே இருக்கும். கிலோமீட்டர் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை பாலிசியில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு தாளில் ரெண்டாவது வண்டிக்கு வேலையே இல்லை என்று தெரிந்தால், அதை விற்பதில்தான் பெரிய தொகை இருக்கிறது. 90,000 ரூபாய்க்கு வாங்கிய ஸ்கூட்டர் ஐந்து வருடத்தில் 35,000 ரூபாய்க்குப் போகும் என்றால் வருடம் 11,000 ரூபாய் தேய்மானம். இன்சூரன்ஸ், சர்வீஸ், பேட்டரி எல்லாம் சேர்த்து 4,000. மாதம் 1,250 ரூபாய் சும்மா நிற்பதற்கு. அந்தக் காசுக்கு அவசரத்துக்கு எத்தனை ஆட்டோ பிடிக்கலாம் என்று உங்கள் ஏரியா வாடகையில் வகுத்துப் பாருங்கள். விற்கும்போது பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவித்து ஆர்சி பேர் மாறும் வரை பின்தொடருங்கள். பேர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். கிளைம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது, ஆளோடு நிற்கும். இன்சூரன்ஸ் ஆபீஸில் அதற்கான கடிதத்தை வாங்கி வைத்தால் 3 வருடத்துக்குள் வாங்கும் வேறு வண்டிக்குப் பயன்படும்.