மெண்டோசா கேடயத்தில் ஒரு திருமணம்

மெண்டோசா என்ற ஸ்பானியக் குடும்பப் பெயரை இணையத்தில் தேடினால், அப்பெயருக்கு உரிய மரபுச் சின்னத்தைக் கோப்பையிலோ சட்டமிட்ட படத்திலோ அச்சிட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஐரோப்பியக் கேடயச் சின்னங்களை ஆர்வத்தோடு படித்துவரும் எனக்கு இந்த வணிகம் வருத்தம் தருகிறது. ஸ்பெயினின் மரபில் சின்னம் ஒரு வம்சாவளிக்குச் சொந்தமானது. ஒரே பெயரைத் தாங்கிய காரணத்தால் மட்டும் எவருக்கும் அது உரிமையாகிவிடாது. யார் யாரை மணந்தார், எவருடைய நிலம் எவரிடம் வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் ஒரு கேடயம் சொல்லக்கூடும். மெண்டோசாக்களின் கேடயம் அதை மிகத் தெளிவாகச் சொல்கிறது.

வட ஸ்பெயினில், பாஸ்க் நாட்டின் அலாவா மாகாணத்தில், வித்தோரியா நகருக்கு மேற்கே மெண்டோசா என்ற சிற்றூர் இருக்கிறது. குடும்பம் அவ்வூரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. அங்குள்ள இடைக்காலக் கற்கோபுரம் பிற்காலத்தில் அலாவாவின் மரபுச் சின்னங்களுக்கான அருங்காட்சியகமாகப் பயன்பட்டது பொருத்தமான செயல் என்றே நினைக்கிறேன். குடும்பத்தின் பழைய சின்னம் எளிமையானது: பச்சைக் களம் (கேடயத்தின் பின்னணி), அதன் குறுக்கே, பார்ப்பவரின் இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறக் கீழ்மூலைக்கு இறங்கும் சிவப்புப் பட்டை, அந்தப் பட்டையின் இரு ஓரங்களிலும் மெல்லிய பொன் விளிம்பு.

அந்த விளிம்பை அழகுக்காகப் போட்டதாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. மரபுச் சின்னவியலில் பொன்னும் வெள்ளியும் உலோகங்கள் என்றும், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு முதலியவை வண்ணங்கள் என்றும் பிரிக்கப்படுகின்றன. வண்ணத்தின் மேல் வண்ணத்தையோ உலோகத்தின் மேல் உலோகத்தையோ வைக்கக் கூடாது என்பது இத்துறையின் முதல் விதி. முகத்தை மூடிய வீரனை அவனுடைய கேடயத்தைக் கொண்டே தொலைவிலிருந்து அறிய வேண்டுமானால், உருவமும் களமும் ஒன்றோடொன்று கலங்காமல் தெரிந்தாக வேண்டும். பச்சையின் மேல் சிவப்பு அந்த விதியை மீறுகிறது. இரண்டுக்கும் நடுவே பொன் கோடு ஓடும்போது, வண்ணமும் வண்ணமும் நேரடியாகத் தொடாமல் விலகி நிற்கின்றன. கடைகள் விற்கும் படங்களில் இந்தக் கோடு விடுபட்டிருப்பதைக் காணும்போது, வரைந்தவர் அந்தக் கேடயத்தைப் படிக்கவே இல்லை என்பது புரிந்துவிடுகிறது.

மெண்டோசாக்கள் 14ஆம் நூற்றாண்டில், அன்றைய ஸ்பெயினின் அரசுகளில் ஒன்றான காஸ்தீலின் அரசர்களுடைய பணியில் உயர்ந்தார்கள். 1385இல் அல்ஜுபரோத்தா போரில் பெரோ கொன்சாலெஸ் தெ மெண்டோசா உயிரிழந்தார். தம் குதிரையை அரசர் முதலாம் ஹுவானுக்குக் கொடுத்து அவரைத் தப்ப வைத்துவிட்டுத் தாம் போர்க்களத்திலேயே நின்றார் என்று மரபு சொல்கிறது. அவருடைய மகனும் காஸ்தீலின் கடற்படைத் தலைவருமான தியேகோ ஊர்த்தாதோ, வடக்கே பெரும் நிலங்களுக்கு வாரிசாக இருந்த லெயோனோர் தெ லா வேகாவை மணந்தார். அவர்களுக்கு 1398இல் பிறந்தவர்தான் பிற்காலத்தில் சாந்தில்யானா மார்க்கேஸ் என்ற பிரபுப் பட்டத்தால் புகழ்பெற்ற கவிஞர் இனிகோ லோபெஸ் தெ மெண்டோசா. 1404இல் தந்தை இறந்தபோது அவர் சிறுவர். பங்காளிகள் பறிக்க முயன்ற சொத்துகளை வழக்காடிக் காத்தவர் தாய் லெயோனோர்.

அந்தத் தாயின் குலச் சின்னமே மகனின் கேடயத்தில் இடம்பெறுகிறது. பெருக்கல் குறி போன்ற இரு கோடுகளால் கேடயம் நான்காகப் பிரிக்கப்பட்டு, மேலும் கீழும் மெண்டோசாவின் பச்சையும் சிவப்பும், இரு பக்கங்களிலும் லஸ்ஸோ தெ லா வேகா குலத்தின் பொன் களமும் வைக்கப்பட்டன. அந்தப் பொன் களங்களில் ஒன்றில் 'ஆவே மரியா' என்றும் மற்றதில் 'கிராத்சியா பிளேனா' என்றும் நீல எழுத்துகள் ஓடுகின்றன. 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்ற மன்றாட்டின் தொடக்கம் அது. இந்தக் கேடயத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், ஒரு தாயின் உழைப்புக்கு மகன் செய்த மரியாதையாகவே அதை என்னால் காண முடிகிறது.

அந்த எழுத்துகளுக்கு ஒரு வீரக்கதையும் உண்டு. 1340இல் சலாதோ ஆற்றங்கரைப் போரில், 'ஆவே மரியா' என எழுதிய பலகையைத் தன் குதிரையின் வாலில் கட்டி இழுத்து வந்த மூர் (முஸ்லிம்) வீரனை லஸ்ஸோ தெ லா வேகா குலத்தவர் ஒருவர் கொன்று, அந்தச் சொற்களைத் தம் சின்னமாக்கிக் கொண்டாராம். ஏறத்தாழ இதே கதையை ஒன்றரை நூற்றாண்டு கழித்து நடந்த கிரனாதா முற்றுகையோடும் இணைத்துச் சொல்கிறார்கள். ஒரே நிகழ்ச்சி இரண்டு போர்க்களங்களில் நடந்திருக்க முடியாது. சின்னம் முதலில் தோன்றி, அதை விளக்கும் கதை பின்னர் பிறந்தது என்பதே என் கருத்து. மரியாள் பக்தி ஒன்றே இச்சொற்களுக்குப் போதுமான காரணம்.

சாந்தில்யானாவின் மூத்த மகன் 1475இல் இன்ஃபந்தாதோ கோமகன் ஆனார். அவருடைய மகன் 1480இல் குவாதலஹாரா நகரில் எழுப்பத் தொடங்கிய அரண்மனையின் வாயிலுக்கு மேலே, உடலெங்கும் மயிர் அடர்ந்த இரண்டு காட்டு மனிதர்கள் குடும்பக் கேடயத்தைத் தாங்கி நிற்கிறார்கள். 1936 டிசம்பரில் குண்டுவீச்சில் கட்டடம் எரிந்தபோதும் முகப்பு பிழைத்துக்கொண்டது. சாந்தில்யானாவின் மற்றொரு மகனான கர்தினால் பெத்ரோ கொன்சாலெஸ், கர்தினால்களுக்கே உரிய குஞ்சம் தொங்கும் தொப்பியைக் கேடயத்தின் மேல் சேர்த்தார். ஒரே தந்தையின் பிள்ளைகளும் தம் நிலைக்கேற்பச் சின்னத்தை இப்படி வேறுபடுத்திக் கொண்டார்கள்.

பெயரும் சின்னமும் தனித்தனி வழியில் பயணம் செய்தன என்பதற்கு அமெரிக்கக் கண்டத்தில் நல்ல சான்று இருக்கிறது. 1539இல் பெருவின் கூஸ்கோவில் ஸ்பானியத் தந்தைக்கும் இன்கா இளவரசிக்கும் பிறந்த ஒருவர், கோமெஸ் சுவாரெஸ் தெ ஃபிகெரோவா என்று பெயரிடப்பட்டு, ஸ்பெயினுக்கு வந்தபின் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா ஆனார். இன்காக்களின் வரலாற்றை அவர் எழுதி 1609இல் லிஸ்பனில் அச்சான நூலில் அவருடைய கேடயம் இருக்கிறது. ஒரு பாதியில் தந்தைவழிக் குலங்களின் சின்னங்களோடு அதே 'ஆவே மரியா' எழுத்துகள். மறு பாதியில் சூரியன், சந்திரன், வானவில், முடிசூடிய பாம்புகள். தந்தையின் குலமும் தாயின் குலமும் ஒரே கேடயத்தில் சம உரிமையோடு நிற்கும் இதைவிட நேர்மையான சின்னத்தை நான் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறாக, பிலிப்பைன்சில் 1849ஆம் ஆண்டு ஆளுநர் கிளாவெரியாவின் ஆணைப்படி, அச்சிட்ட பட்டியல் ஒன்றிலிருந்து மக்களுக்குக் குடும்பப் பெயர்கள் வழங்கப்பட்டன. அவ்வாறு ஸ்பானியப் பெயர் பெற்றவர்களுக்கு ஸ்பெயினின் எந்தக் குலத்தோடும் இரத்த உறவு இருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பெயர் அவர்களுக்கு முழு உரிமையானது. அதே பெயருள்ள ஸ்பானியப் பிரபு ஒருவரின் கேடயத்தை அதனுடன் ஒட்டுவதுதான் தவறு.

தம் குடும்பத்துக்குச் சின்னம் இருந்ததா என்று உண்மையாகவே அறிய விரும்புவோர், பெயர் அகராதியிலிருந்து தொடங்காமல் பெற்றோர், பாட்டன் பாட்டி எனப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பங்குத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டும். முன்னோர் ஒருவர் தம் பிரபுத்துவ நிலையை நிறுவ வழக்காடியிருந்தால், அந்த ஆவணம் வல்யதோலித் அல்லது கிரனாதாவின் பழைய உயர்நீதிமன்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கக்கூடும். வென்றவருக்கு வழங்கிய தோல் ஏட்டுச் சாசனங்கள் பலவற்றில் குலச் சின்னம் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். இன்ஃபந்தாதோ குடும்பத்தின் ஏடுகள் தொலேதோவில் உள்ள பிரபுக்கள் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் ஒசூனா என்ற மற்றொரு பிரபுக் குடும்பத்தின் தொகுப்போடு சேர்ந்திருக்கின்றன. ஸ்பெயின் அரசின் ஆவண இணையதளத்தில் அவற்றில் ஒரு பகுதியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.