வாடகை குறைவு சரி, அந்தத் தெருவில் கரண்ட் எப்படி?

பெங்களூரு கம்பெனிக்குக் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ இருந்தபடி வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையை. கடைசியாக விசாரிக்க வேண்டியது அது. இரண்டு ஊரிலும் எந்தத் தெருவில் பார்த்தாலும் பெங்களூரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மீட்டிங் நடுவே கரண்ட் போய், கூடவே நெட்டும் போய், டீம் லீட் "மறுபடியுமா?" என்று கேட்கும் நாள் மாதத்துக்கு எத்தனை வருகிறது என்பதுதான் கணக்கு. அது ஊருக்கு ஊர் மாறுவதைவிடத் தெருவுக்குத் தெரு அதிகம் மாறுகிறது. அதனால் ஊரை அரை நாளில் முடிவு செய்துவிட்டு, தெருவுக்கு ஒரு மாதம் செலவழியுங்கள்.

ஊர் விஷயம் சுருக்கமானது. ஓசூர் பெங்களூருக்கு ஒட்டியே இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவில் இருப்பதால் குளுமையும் உண்டு. ஆனால் சிப்காட் ஆலைகளுக்கு வருகிறவர்களும் அதே வீடுகளைத்தான் தேடுகிறார்கள். மலிவு என்று நினைத்து அங்கே போக வேண்டாம். கிருஷ்ணகிரி பெங்களூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். ஓசூர் ரோடு வழியாகவே பஸ் போவதால், ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்தால் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு முன்பே இறங்கிவிடலாம். ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது, பஸ்தான் கதி. தருமபுரி இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போல் தெற்கே. அங்கே ரயில் உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கிய கோவை - பெங்களூரு வந்தே பாரத் அங்கே நிற்கிறது, எர்ணாகுளம் - பெங்களூரு இன்டர்சிட்டியும் அந்த வழிதான். வாரம் ஒரு நாள் ஆபீஸ் போக வேண்டியவருக்குக் கிருஷ்ணகிரி, மாதம் ஒரு முறை போதும் என்பவருக்குத் தருமபுரி என்று பிரித்துக்கொள்ளலாம். சேலத்தில் சொந்தபந்தம் இருந்தால் தருமபுரிக்கு இன்னொரு காரணமும் ஆயிற்று.

இனி கரண்ட். மின்வாரியம் துணை மின் நிலையம் வாரியாக மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும். காலை 9 மணிக்கு நின்றால் மதியம் 2 மணி, சில சமயம் 4 அல்லது 5 மணி வரைகூடப் போகும். முந்தைய நாளே பேப்பரில் வந்துவிடும். ஆனால் அறிவிப்பில் துணை மின் நிலையத்தின் பெயரும் சில இடங்களின் பெயரும் மட்டும்தான் இருக்கும். உங்கள் தெரு பெயர் வராது. அதனால் வீடு பார்க்கும்போதே பக்கத்துக் கடைக்காரரிடமோ லைன்மேனிடமோ, "அண்ணே, இந்தத் தெருவுக்கு எந்த சப்ஸ்டேஷன்ல இருந்து லைன் வருது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் பராமரிப்பு நாளை டீம் காலண்டரில் முன்கூட்டியே போடலாம். அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலையை வைத்துக்கொண்டு, மீட்டிங்குகளை மாலைக்குத் தள்ளலாம். திடீரென்று போகும் கரண்டுக்கு மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் பேட்டரியின் அளவை மட்டும் பார்த்துவிட்டு ஃபேனை மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரியில் எழுத்தில் இருப்பது 1,800 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியை ஒட்டக் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் அறுபது சதவீதம்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டரிலேயே இருபது சதவீதம் போல் வீணாகும். கைக்கு வருவது ஏறக்குறைய 860. லேப்டாப் 40 வாட், மானிட்டர் 25, நெட் லைன் வந்து சேரும் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 20, ஒரு எல்.இ.டி. விளக்கு 10, இதோடு பழைய சீலிங் ஃபேன் 75 சேர்ந்தால் மொத்தம் 170. ஐந்து மணி நேரம்தான் தாங்கும். அதே இடத்தில் மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால் மொத்தம் 125. ஏழு மணி நேரம் வரும். 2 மணியோடு முடிகிற பராமரிப்புக்கும் 4 மணி வரை இழுக்கிற பராமரிப்புக்கும் இடையில் இருப்பது அந்த ஒரு ஃபேன்தான். இரண்டாவது பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள். காலியான பேட்டரி முழுதாக ஏறப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. பகலில் பராமரிப்பு முடிந்து, சாயங்காலம் கோடை மழையில் மறுபடி கரண்ட் போனால், இரவு ஷிப்டுக்குப் பாதிப் பேட்டரிதான் மிஞ்சும்.

இன்வெர்ட்டரின் பின்னால் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போகிற நொடியில் ஃபைபர் பெட்டி அணைந்து மீண்டும் ஆன் ஆகலாம். அது மறுபடி லைனில் பதிந்து நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். வீடியோ காலில் இருந்தவர் காணாமல் போய்விடுவார். யு.பி.எஸ்-க்குத் தள்ளினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஊருக்கு வெளியே வேறொரு சிக்கல் வரும். தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் மூணு பேஸ் வரும் நேரம் கிணற்று மோட்டார்கள் ஒன்றாக ஓடும், வோல்டேஜ் சரியும். யு.பி.எஸ். நிலையில் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 180 வோல்ட்டுக்குக் கீழ் வந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும். லைட் எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும், காரணம் யாருக்கும் புரியாது. அந்த மாதிரி வீட்டில் இன்வெர்ட்டருக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைக்க வேண்டும். அல்லது நார்மலில் விட்டுவிட்டு, ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கொடுத்துவிடலாம். அதில் அடாப்டரின் ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். 2 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 1 ஆம்பியர் கொடுத்தால் அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் தரைக்குக் கீழே பாறை. பர்கூர்ப் பக்கத்துக் கருங்கல் ஊரறிந்தது; அதே பாறைதான், மின்கசிவைத் தரைக்குள் இறக்கும் எர்த் குழிக்கு எதிரி. கோடையில் குழி காய்ந்துவிட்டால் எர்த் பேருக்குத்தான். சார்ஜர் மாட்டியிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடம்பில் கை வைத்தால் சுள்ளென்று இழுத்தால் அதுதான் அறிகுறி. எலெக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, ஐந்தைத் தாண்டினால் குழியைச் சரி செய்ய வேண்டும். உப்பும் கரியும் போட்ட குழிக்குக் கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நெட் லைனில் கேட்க வேண்டியது எத்தனை எம்பி என்பதல்ல. வீடியோ காலுக்கு மேலேயும் கீழேயும் நாலைந்து எம்பி போதும். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை லைன் எப்படி வருகிறது என்பதைக் கேளுங்கள். முழுக்க ஃபைபராக வந்தால் நடுவில் கம்பத்தில் தொங்கும் பிரிப்பான் பெட்டிக்குக் கரண்டே தேவையில்லை; தெருவே இருட்டானாலும் உங்கள் இன்வெர்ட்டர் ஓடும்வரை நெட் ஓடும். சில தெருக்களில் கேபிள் டிவிக்காரர் பாதி தூரம் ஃபைபர் இழுத்து, ஒரு வீட்டு மாடியில் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து லேன் வயரில் கொடுப்பார். அந்தச் சுவிட்சுக்குப் பேட்டரி இல்லையென்றால் உங்கள் இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. இடி மின்னல் வந்தால் அந்தச் செம்பு வயர் வழியாகவே ரவுட்டரின் போர்ட் கருகும். "அண்ணே, கரண்ட் போனா உங்க சுவிட்ச் எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் லைன் அறுந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிவப்பு விளக்கு எரியாமல் இருந்தும் வீடியோ கால் திக்கித் திக்கி வருவதுதான் தலைவலி. பெட்டியின் செட்டிங் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். மைனஸ் 18 முதல் 24 வரை நல்ல அளவு. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழை நாளில் லைன் விழ வாய்ப்பு அதிகம். லைன் போட்ட அன்றே அந்த எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஒளி குறைந்தால் "நெட் ஸ்லோ" என்று புலம்பாமல் "மைனஸ் 21 இருந்தது, இப்போ மைனஸ் 26" என்று சொல்லலாம்; ஆளும் நேராகக் கம்பத்துக்குப் போவார். அங்கே பெரும்பாலும் பார்ப்பது இதுதான்: வெயிலில் வெடித்த பிளாஸ்டிக் பெட்டி, மூடி சரியாக மூடாமல் உள்ளே எறும்புக் கூடு, இறுக்கமாக மடித்துச் சொருகிய ஃபைபர். மாந்தோப்பு பக்கம் என்றால் அணில் கடித்த தடம். வீட்டுக்கு வரும் வயரை மரக்கிளை தொடாமல் இழுக்கச் சொல்வதற்கு லைன் போடும் அன்றைக்குத்தான் நேரம்.

இரண்டாவது லைன் கட்டாயம் வேண்டும், ஆனால் அதே கம்பத்தில் வரும் இன்னொரு ஃபைபர் இரண்டாவது லைன் ஆகாது. உயரமாக லோடு ஏற்றிய லாரி இழுத்துப் போனால் இரண்டும் ஒன்றாகவே போகும். ஃபைபர் எந்தக் கம்பெனியோ, அதல்லாத வேறு கம்பெனியின் 4ஜி அல்லது 5ஜி சிம்மை வையுங்கள். வீடு பிடிப்பதற்கு முன்பே, நீங்கள் உட்காரப் போகும் அறையில், சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு அப்லோடு வேகத்தைச் சோதியுங்கள். காலையில் சோதிப்பது கதைக்கு உதவாது.

ஆபீஸ் வி.பி.என். திறக்கிறது, சாட் போகிறது, ஆனால் பெரிய ஃபைல் மட்டும் நடுவில் நின்றுவிடுகிறது என்றால் லைன்காரரைத் திட்ட வேண்டாம். யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் வரும் லைனில் ஒரு பாக்கெட்டின் (ஒரு தடவையில் போகும் டேட்டா துண்டின்) உச்ச அளவு 1,500-க்குப் பதில் 1,492 பைட்தான், வி.பி.என். தன் பங்குக்கு மேலும் சுற்றுவதால் பெரிய பாக்கெட்டுகள் போகாமல் திணறும். அந்த உச்ச அளவைக் குறிக்கும் எம்.டி.யு. செட்டிங்கை 1,400-க்கு இறக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். சின்ன ஆபரேட்டர்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பலருக்குப் பகிர்வதால் ஆபீஸ் பாதுகாப்புக் குழுவுக்கு நீங்கள் வேறு ஊரில் இருப்பதுபோல் தெரியலாம். எங்கே இருந்து வேலை பார்க்கிறீர்கள் என்பதை முதலிலேயே மெயிலில் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. மறைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

தண்ணீரை இந்த மாவட்டங்களில் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு பல இடங்களில் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆகவே வீட்டுக்காரரிடம் கேட்பது "தண்ணி வருமா?" என்பதோடு நிற்கக் கூடாது. "குடிக்க ஒகேனக்கல் தண்ணி தனிக் குழாயில வருதா, எத்தனை நாளைக்கு ஒரு தரம்?" என்று கேளுங்கள். போர்வெல்லை மட்டும் நம்பிய வீடு என்றால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், பிறகு ஆர்.ஓ. வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பல்லில் ஏறிய கறை பிறகு போகாது.

வீட்டுக் கணக்கில் இரண்டு விஷயம். இங்கே போக்கியம் பழக்கம் உண்டு: மொத்தமாகச் சில லட்சம் கொடுத்தால் இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லை. பணம் பத்திரமாகத் திரும்ப வருமா என்பதுதான் கேள்வி. வில்லங்கச் சான்று எடுத்து வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று பாருங்கள், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். முடியாது என்றால் மாத வாடகைக்கே போங்கள். அடுத்தது, பழைய வருமான வரி முறையில் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) கழிவு கேட்பவர்கள் வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தர வேண்டும். மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு 96,000. அந்தப் பேச்சே எழாது. மின்சாரத்துக்குத் தனி சர்வீஸ் உள்ள வீடாகப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் கைக்கு வரும். சப் மீட்டர் வீடுகளில் யூனிட்டுக்கு இத்தனை என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் கட்டணம்.

இரவு ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு தனிச் சொல். மேல் மாடி கான்கிரீட் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே பகலில் தூங்க முடியாது. மாடி இருக்கும் வீட்டின் கீழ்ப் போர்ஷன், மேற்குச் சுவர் இல்லாத அறை, இவை இரண்டும் கிடைத்தால் ஐநூறோ ஆயிரமோ கூடுதலாகவே கொடுக்கலாம். பகலில் வீட்டில் இருக்கும் ஆளைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி, "என்னப்பா, வேலைய விட்டுட்டியா?" என்று அக்கறையோடுதான் கேட்பார். "ராத்திரி வேலைங்க பாட்டி, பகல்ல தூங்குவேன்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டால், கூரியர்காரன் கதவைத் தட்டும்போது அவரே வாங்கி வைப்பார்.

ஆபீஸ் பயணத்தைத் திங்கள்கிழமைக்கு வைக்க வேண்டாம். ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் ஞாயிறு இரவும் திங்கள் காலையும் திரும்புவதால் கிருஷ்ணகிரியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது, ஓசூர் ரோட்டில் இருக்கும் சந்தாபுராவிலும் வண்டி ஊரும். செவ்வாய் விடியற்காலையில் கிளம்பி, அங்கே ஒரு இரவு தங்கி, புதன் மாலை திரும்புவது உடம்புக்கும் நல்லது, டீமோடு உட்கார்ந்து பேச இரண்டு முழு நாளும் கிடைக்கும்.