இரவுப் பணியும் பேய்ப் புகார்களும்

விடுதி வேலையில் பேய்ப் புகாருக்கென்று தனிப் படிவம் கிடையாது. "ரூம் மாத்திக் குடுங்க" என்றுதான் அது வரும், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி. காரணம் கேட்டால் சற்றுத் தயங்குவார்கள். பிறகு யாரோ சுவரைத் தட்டியதாக, டிவி தானாக ஓடியதாக, ஏசியை யாரோ அணைத்துவிட்டதாகச் சொல்வார்கள். ரிசப்ஷனில் இருப்பவர் சிரிக்கவும் கூடாது, வாதாடவும் கூடாது. அறையை மாற்றிக் கொடுத்துவிட்டு, விருந்தினர் சொன்னதை அவர் வார்த்தைகளிலேயே நேரத்துடன் லாக் புக்கில் எழுத வேண்டும். 'பயந்துவிட்டார்' என்று எழுதிவைத்தால் காலையில் வரும் மெயின்டனன்ஸ் ஆளுக்கு அதில் ஒன்றுமில்லை. '3.10 மணி, குளியலறைச் சுவருக்குள் நான்கு தட்டல்' என்று இருந்தால் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தட்டல் பெரும்பாலும் குழாயின் வேலை. வெந்நீர்க் குழாய் சூட்டில் நீளும், ஆறும்போது சுருங்கும். அதைப் பிடித்திருக்கும் கிளிப் இறுக்கமாக இருந்தால் குழாய் நழுவும் ஒவ்வொரு முறையும் 'டொக்' என்று கேட்கும். பக்கத்து அறையில் ஃபிளஷ் வால்வு சட்டென்று மூடினால், வேகமாக வந்த தண்ணீர் முட்டி நின்று குழாயே அதிரும். பகலிலும் இதே சத்தம் உண்டு, யாருக்கும் காதில் விழுவதில்லை. டிவி என்றால் முன்பு தங்கியவர் வைத்துவிட்டுப் போன ஆன் டைமரைப் பார்க்க வேண்டும். விடியற்காலை மணியடித்து, எடுத்தால் எதிர்முனையில் ஆளில்லாத தொலைபேசிக்கும் கதை அதுதான்: பழைய விருந்தினர் கேட்ட 'வேக்-அப் கால்' சிஸ்டத்தில் நீக்கப்படாமல் கிடக்கும். ஒரே நேரத்தில் இரண்டு நாள் நடந்தால் டைமரைத் தவிர வேறு எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஏசிதான் பலரை உண்மையிலேயே கலங்கடிக்கிறது. ஆளில்லாத அறையில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வைத்த சென்சார் அசைவை மட்டுமே பார்க்கும். போர்வைக்குள் அசையாமல் தூங்குபவர் அதன் கணக்கில் இல்லவே இல்லை. அவர் வியர்த்து எழுந்து உட்கார்ந்ததும் ஏசி மறுபடி ஓடத் தொடங்கும். பயப்படாமல் என்ன செய்வார்?

தானாகத் திறக்கும் கதவுக்கு இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். கதவின் மேலுள்ள டோர் க்ளோசரில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வீசி வரும் வேகத்துக்கு, மற்றொன்று கடைசியில் தாழ் விழும் வேகத்துக்கு. இரண்டாவது அளவுக்கு மீறி இறுகியிருந்தால் கதவு சாத்தியது போலத் தோன்றும், தாழ் விழுந்திருக்காது. பிறகு குளியலறை எக்ஸாஸ்ட் விசிறி காற்றை இழுப்பதே அதைத் திறக்கப் போதும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, தாழ் விழும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து கீ கார்டு பூட்டின் பதிவு. எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்தது என்று அதில் இருக்கும். யாரும் வரவில்லை என்றால் விருந்தினருக்கு அதையே காட்டலாம். ஊழியர் அட்டை பதிவாகியிருந்தால் அது பேயைவிடப் பெரிய விஷயம், நேராக டியூட்டி மேனேஜரிடம் போக வேண்டும்.

அறை மாற்றுவதோடு விடக்கூடாத புகார் ஒன்று உண்டு. காலடி ஓசை, நெஞ்சில் பாரம், யாரோ நிற்பது போன்ற தோற்றம் ஆகியவற்றோடு தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், வெளியே போனதும் தெளிந்தால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை முதலில் நினைக்க வேண்டும். 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய வீட்டில் உருவங்களைக் கண்டு, ஓசைகளைக் கேட்டு அவதிப்பட்ட அந்தக் குடும்பத்தை வாட்டியது பழுதான உலையிலிருந்து கசிந்த இந்த வாயுதான். இதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. எரிவாயு கீசர், பாய்லர் இருக்கும் கட்டடத்தில் விருந்தினரைப் பக்கத்து அறைக்கு மாற்றுவது உதவியே அல்ல. எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, மருத்துவ உதவிக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லிவிட வேண்டும். எரிபொருளை அடைக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்தான் பார்க்க வேண்டும்.

முதல் இரவில் புகார் அதிகம் வருவதற்குக் கட்டடம் மட்டும் காரணமல்ல. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புது இடத்தின் முதல் இரவில் ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடப்பாதி ஓரளவு விழிப்போடு இருப்பதும், வித்தியாசமான சத்தம் கேட்டால் ஆள் சீக்கிரம் எழுவதும் தெரியவந்தது.

பயணிகளின் சடங்குகளில் சில எங்கள் வேலையையே செய்துவிடுகின்றன. நுழைந்ததும் டாய்லெட்டை ஃபிளஷ் செய்வது, குழாய்களைத் திறந்துவிடுவது விமானப் பணியாளர்களிடம் பரவலான பழக்கம். நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையில் டிரெயின் ட்ராப்பில், அதாவது நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாயில், தேங்கிய நீர் வற்றி சாக்கடை நாற்றம் மேலேறும். தேங்கிய குழாய் நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். வாரம் ஒருமுறையாவது காலி அறைகளின் குழாய்களை ஓடவிடச் சொல்வது அதனால்தான். உள்ளே போகுமுன் கதவைத் தட்டுவதும் நல்லதே. சிஸ்டம் குழம்பி ஒரே அறையை இருவருக்குக் கொடுப்பது நடக்காத காரியமல்ல.

செருப்புகளை எதிரெதிராகத் திருப்பி வைத்தால் ஆவி படுக்கைக்கு வழி தெரியாமல் போகுமாம். தீ அலாரம் அடித்தால் இருட்டில் குழம்புவது ஆவி மட்டுமல்ல. கட்டிலருகே, கால் நுழையும்படி வைப்பதே நல்லது. தாழ்வாரத்தின் கடைசி அறை வேண்டாம் என்பவர்களுக்கு நாங்கள் மறு பேச்சுப் பேசுவதில்லை. படிக்கட்டுக் கூண்டில் காற்று மேலேறும்போது பக்கத்து அறைக் கதவிடுக்கில் ஊளையிடும், அது உண்மை. பதின்மூன்றாம் தளத்தைத் தவிர்க்கும் விடுதிகளில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: லிஃப்ட் பொத்தானிலும் தீ அலாரப் பலகையிலும் தள எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும்.

கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் 1909-இல் திறக்கப்பட்ட ஸ்டான்லி ஹோட்டலில், பேய் அறை என்று பேர் வாங்கிய 217-ஆம் அறைக்குத்தான் இன்று ஆள் போட்டி போடுகிறது. அந்த அறையின் புகழுக்குப் பின்னால் 1911-இல் அங்கே நடந்த எரிவாயு வெடிப்பும் இருக்கிறது. பேய் வியாபாரத்துக்கு உதவும் என்பதை விடுதிக்காரர்கள் மறைப்பதில்லை. பணியாளர் பார்வைக்கு அதில் தெரிவது கசிவுதான்.

மூலையில் தூவிய உப்பு தொல்லை, ஆனால் ஆபத்தில்லை. ஈரம் இழுத்துக் கம்பளத்தில் கறையாகும். வேக்யூமில் எடுத்துவிட்டுத்தான் ஈரத்துணி போட வேண்டும், மாற்றிச் செய்தால் கரைந்து உள்ளே இறங்கிவிடும். ஊதுபத்தி அப்படியல்ல. அதன் புகைக்கே அலாரம் அடிக்கலாம் என்று தெரிந்தவர்கள் டிடெக்டரை ஷவர் கேப்பால் மூடிவிட்டு ஏற்றுகிறார்கள். ஹவுஸ்கீப்பிங் ஆள்கள் அறைக்குள் போனதும் உட்கூரையை அண்ணாந்து பார்ப்பது இதற்காகத்தான். மூடியிருந்தால் விருந்தினர் திரும்பும்வரை காத்திருக்காமல் கழற்றி, டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து, லாக் புக்கில் அறை எண்ணைப் போட்டுவைக்கிறார்கள்.