மூன்றரை மணிக்கு மணி

மதுரை கீழவாசல் பக்கம் எங்கள் சந்து. மொத்தம் 23 வீடுகள், பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். இங்கே மிளகாய் வதக்கினால் அங்கே தும்முவார்கள். இப்படி ஒரு இடத்தில், நாலாவது வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சிப்பிப்பாறை நாய். பெயர் மணி.

அந்த வீட்டுப் பெரியம்மாவின் மகன் குட்டியாக வாங்கி வந்தான். எட்டாவது மாதம் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. மணி இங்கேயே தங்கிவிட்டான். முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனம். அவன் இழுக்கிற இழுப்புக்கு மூட்டுவலிக்காரப் பெரியம்மா எங்கே ஈடுகொடுப்பது? நாள் முழுக்கச் சங்கிலிதான்.

அதிகாலை மூன்றரை ஆனால் குரைக்கத் தொடங்குவான். பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் அப்பா ஒருவர் சட்டமே எடுத்து வந்தார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாதாம். சரிதான். ஆடி மாதம் குழாய் ஸ்பீக்கர் கட்ட வசூல் நோட்டோடு முதலில் வருகிறவரும் அவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பால் போடுகிறவன் நான். 23 வீடும் வாடிக்கை. சொல்லப்போனால், நாயைத் திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

போன மாசியில் எனக்குக் காய்ச்சல். லோடு இறக்க மச்சானை அனுப்பிவிட்டுப் படுத்துக் கிடந்தேன். முதலில் வேன் பிரேக் கிறீச்சென்றது. அப்புறம் டம், டம் என்று சத்தம். அரை லிட்டர் பாக்கெட் 24 அடுக்கிய டப், ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், சிமென்ட் தரையில் விழுகிற சத்தம். நாலாவது டப் விழுந்ததும் மணி குரைத்தான். பத்து வருஷமாக நான் எழுப்புகிற சத்தத்தை அன்றைக்குத்தான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

மறுநாளே கோணிச் சாக்கை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் டப்பை இறக்கினோம். வேனையும் சந்து முனையிலேயே நிறுத்தச் சொன்னேன். குரைப்பு பாதி குறைந்தது. மீதி?

சந்தில் சட்டம் படிக்கிற பெண் ஒருத்தி சொன்னாள்: "அண்ணே, எப்பவும் கட்டியே வைக்கிற நாயை நடக்க விடாம இருக்கிறதும் வதைதான். 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு." பெரியம்மாவிடம் நான் சட்டம் பேசவில்லை.

"பெரியம்மா, காலைல நான் இவனக் கூட்டிட்டுப் போகவா?"

"உன் கையப் பிடுங்கிட்டுப் போயிருவான்டா."

பிடுங்கத்தான் பார்த்தான். முதல் நாள் தெப்பக்குளம் போய்ச் சேர்வதற்குள் என் செருப்பு அறுந்தது. பால் போட்டு முடித்து, ஏழு மணிக்குக் குளத்தை இரண்டு சுற்று. இரண்டு வாரத்தில், டப் இறக்கும்போது ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் தூங்கப் பழகினான்.

நேற்றும் முந்தாநாளும் நல்ல மழை, நடக்கப் போகவில்லை. இன்று மூன்றரைக்கு மொத்தச் சந்தும் எழுந்துவிட்டது. யாரும் பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராக என்னிடம்தான் வந்தார்கள்.