ஓ நெகடிவ்

மே 2
ஹெச்பி (ஹீமோகுளோபின்) 7.4. எனக்குப் பிறவியிலேயே தலசீமியா, இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போன தடவை ஏற்றி இருபத்தாறு நாள். ஓ நெகடிவ் ஒரு பைகூட இல்லை. கல்லூரி லீவு, இரத்ததான முகாம் எதுவும் நடக்கவில்லை. "திங்கக்கிழமை போன் பண்ணிட்டு வாம்மா."

மே 3
மாடிப்படி மொத்தம் பதினான்கு. எட்டாவதில் உட்கார்ந்துவிட்டேன்.

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். எதிர்வீட்டு அக்கா முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டிருக்கிறார். இரத்தம் ஊறுமாம். எனக்கு வினையே இரும்புதான். ஒரு பையில் சுமார் 200 மில்லிகிராம். வருஷத்துக்கு முப்பத்துச் சொச்சம் பை என்றால் 7 கிராமுக்குக் கிட்டே வருகிறது. ஒரு ஆளின் உடம்பில் மொத்தமே 3, 4 கிராம்தான் இருக்கும். உள்ளே போனது தானாக வெளியே வராது. அம்மா கீரையைப் பொரியல் செய்தாள். நான் டீ குடித்தேன், அது இரும்பை அவ்வளவாகச் சேரவிடாது.

மே 6
போன் செய்தேன். இல்லை.
இரும்பை வெளியேற்றும் மாத்திரையைக் கரைத்தால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. டம்ளர் அடியில் தங்குவதையும் அலசிக் குடிக்க வேண்டும். உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் பெரிட்டின் 3,200. அலசாமல் கொட்டிய நாட்கள் எனக்குத்தான் தெரியும்.

மே 7
தம்பிக்கு அத்தை மகளைப் பேசிவிட்டார்கள். 19ஆம் தேதி நிச்சயம். அவனுக்குத் தலசீமியா மைனர், நோய் இல்லை, மரபணு மட்டும் உண்டு; ஏ2 என்ற ஹீமோகுளோபின் 5.2 சதவீதம். அதனால் அவனுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் மைனராக இருந்தால்? ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, என்னைப் போலப் பிறக்க. ஒரு ஊசி இரத்தம் எடுத்து ஹெச்பிஎல்சி என்ற ஹீமோகுளோபின் சோதனை பார்த்தால் தெரிந்துவிடும். அம்மாவிடம் சொன்னேன். "பொண்ணு வீட்டுல போய் ரத்தம் குடுன்னு கேக்கச் சொல்றியா?" அப்பாவுக்கு அம்மா மாமன் மகள். அப்போதும் யாரும் கேட்கவில்லை. நாலில் ஒண்ணுதானே என்கிறான் தம்பி. அந்த ஒண்ணு இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது.

மே 8
உலகத் தலசீமியா தினம். வார்டில் கேக் வெட்டினார்களாம். இரத்தம் வரவில்லை.

மே 9
ஆறாவது படி.

மே 10
ஒரு பை! கொடுத்தவர் வேன் ஓட்டுகிறவராம், நர்ஸ் அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டார். முழங்கை வரை சில்லென்று ஏறியது. சாயங்காலம் கண்ணாடியில் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். லேசாகச் சிவப்பு.

மே 12
அத்தை மகளுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வெறும் வயித்துல போகணுமா மதினி?"
வேண்டாம், சாப்பிட்டுப் போ என்றேன்.

மே 15
படி பதினொன்று.

மே 16
ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. நிச்சயத்துக்கு எனக்கு என்ன கலர் புடவை வேண்டும் என்று அம்மா கேட்கிறாள்.